கேரட் நாற்று விற்ற கடை

அந்தச் செடிக் கடையில் அவளுக்குப் பெயர் வெண்டை அக்கா. வீட்டில் முதன்முதலாகக் காய் போடப்போகிறேன் என்று வந்து நிற்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கையில் வெண்டை விதையைத்தான் வைப்பாள். அதனால் வந்த பெயர். கொடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்பாள். வெயில் எத்தனை மணி நேரம் விழும்? தண்ணீர் ஊற்ற மறந்துபோகிற ஆளா? வீட்டில் எந்தக் காயை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவீர்கள்? மறதிக்காரருக்குக் கொத்தவரை, இரண்டு நாள் தண்ணீர் காணாவிட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. பொறுமை இல்லாதவருக்குக் கீரை. காலிஃபிளவர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்குத் திட்டு.

"எடுத்த எடுப்புலயே பெரிய பரீட்சை எழுதணுமா சார்? ஒரு வெண்டைக்காயைப் பறிச்சுப் பாருங்க. அப்புறம் நீங்களா வருவீங்க."

வந்தார்கள். பதினோரு வருடமாக வந்துகொண்டே இருந்தார்கள். கைப்பேசியில் படத்தை நீட்டி, "அக்கா, காய்ச்சிருச்சு!" என்று கடை அதிரக் கத்துவார்கள். இருப்பது ஒரே ஒரு காய்தான். அதைக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இந்த நல்ல பெயரின் மீதுதான் முதலாளியின் கண் விழுந்தது. "புதுசா தோட்டம் போடுறவங்களுக்குன்னு ஒரு பெட்டி போடப்போறோம்க்கா. லேசா வளர்ற காயா சொல்லுங்க" என்றார். தொட்டிகளுக்கு நடுவே நிற்கவைத்து அவளைப் படமும் எடுத்துக்கொண்டார். வெண்டை, கொத்தவரை, கீரை, முள்ளங்கி என்று எழுதிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் நேராக மண்ணில் விதைக்க வேண்டும் என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டாள். அடுத்த வாரமே அவளைப் பின்பக்கக் கொட்டகைக்கு, மண் கலக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

பெட்டிகள் வெளியே எங்கோ கட்டப்பட்டு வந்து இறங்கின. போகும்போதும் வரும்போதும் மூடிகளில் தன் முகம் அடுக்கடுக்காகச் சிரிப்பதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பெட்டியையாவது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லையே! அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள், கல்லாப் பெண் விடுப்பு எடுத்ததால் அவளை முன்பக்கம் கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தத் தையல்காரம்மா வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து இரண்டு காலி பிளாஸ்டிக் தொட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வளக்கத் தெரிஞ்சவங்க யாருக்காவது இதைக் குடுத்துடுங்க. எனக்குக் கைராசி இல்லை. உன் கை பட்டா புல்லுகூட கருகிடும்னு எங்க வீட்டுக்காரர் அப்பவே சொன்னாரு. எதுத்த வீடு வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறாரு."

பிறகு கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். சுண்டுவிரல் நீளத்தில், இரண்டாகப் பிளந்து, கோணல்மாணலாக ஒரு கேரட்.

"விதை எப்பப் போட்டீங்க?"

"விதையா? பெட்டியில நாத்தாத்தானே இருந்துச்சு! எடுத்து நட்டு மூணு மாசம் ஆச்சு. உங்க படத்தைப் பாத்துத்தான் வாங்கினேன்."

அக்கா ஒரு பெட்டியை இழுத்துப் பிரித்தாள். கேரட் நாற்று, காலிஃபிளவர் நாற்று, குடைமிளகாய் நாற்று. வெண்டையும் இல்லை, கீரையும் இல்லை. மூடியில் அவள் சிரிப்பு. அதன் கீழே, 'வெண்டை அக்கா தேர்ந்தெடுத்த எளிய காய்கள்'.

யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? கேரட்டை நாற்றாகப் பிடுங்கி நடக் கூடாது. நட்டால் வேர் நுனி அடிபட்டு இப்படித்தான் பிளக்கும். செடிக் கடையில் ஒரு மாதம் வேலை பார்த்த யாருக்கும் இது தெரியும். தெரிந்தே விற்றிருக்கிறார்கள்!

பெட்டியும் கையுமாகப் போய்க் கேட்டவளை முதலாளி ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "வெண்டையை எவன்க்கா பெட்டியில வாங்குவான்? கேரட்டுன்னா படம் பளிச்சுன்னு இருக்கு. வரலைன்னாலும் தன் தப்புன்னுதான் நினைப்பாங்க. இன்னொரு பெட்டி வாங்கிட்டுப் போவாங்க."

திரும்பித் தையல்காரம்மாவிடம் இனிக்க இனிக்கச் சொன்னார்: "தண்ணி கூடிப்போச்சும்மா. செடின்னா கவனிக்கணும்ல?"

"இருக்கும் சார். எனக்குத்தான் தெரியலை" என்று அவள் தலையை ஆட்டினாள்.

அந்தத் தலையாட்டலைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. தன் மகளின் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. வந்தும் வாய் நிற்கவில்லை.

"இவங்களுக்கு என்ன தெரியலை? ஏமாத்தத் தெரியலை, அவ்வளவுதான்! கேரட் நாத்தை வித்தது நீங்க. என் மூஞ்சியை ஒட்டி வித்தது நீங்க. இப்ப இவங்க தலையில பழியப் போடுறீங்களே, நல்லா இருக்கா?"

கடையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார். முதலாளி முகம் கறுத்துவிட்டது.

"நாளையிலேர்ந்து வர வேணாம்."

"நாளைக்கு என்ன? இப்பவே போறேன். அந்தப் படத்தைக் கிழிச்சுடுங்க, அது போதும்."

தையல்காரம்மா வாசல் வரைக்கும் ஓடிவந்தாள். "என்னாலயா வேலை போச்சு? ஐயோ, நான் பேசாம வீட்டுலயே கிடந்திருக்கலாமே..."

"இதுக்கும் உங்களையே திட்டிக்கிறீங்களா? முதல்ல உங்க வீட்டைக் காட்டுங்க."

மூன்றாம் மாடி. வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று அவர் சொல்வதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க வீட்டம்மா கையில ஒரு குறையும் இல்லை. மூணு மாசம் விடாம தண்ணி ஊத்தியிருக்காங்க. அந்த நாத்தை நீங்க நட்டாலும் இப்படித்தான் வந்திருக்கும், நான் நட்டாலும் இப்படித்தான். குறை எங்க கடையில. இனிமே இவங்க கையைப் பத்திப் பேசினா, எதுத்த வீட்டுலயும் நானே போய்ச் சொல்லிட்டு வருவேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். தையல்காரம்மா கதவோரம் நின்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'எங்க கடை' என்று சொல்லிவிட்டது படி இறங்கும்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. பதினோரு வருடப் பழக்கம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.