கப்பலில் வந்த க்ரீன் டீ

என் கணவர் சரக்குக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். ஏழெட்டு மாதம் கடலில் இருப்பார், இரண்டரை மாதம் இரும்புலியூர் வீட்டில். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சேர்ந்து இருந்ததை மட்டும் கூட்டினால் ஐந்து வருடம் தேறுமா என்பது சந்தேகம்தான்.

மகன் ஹாஸ்டலுக்குப் போன வருடம் என் ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அதிகமாக வந்தது. அவரிடம் போனில் சொன்னேன். அந்த முறை அவர் திரும்பி வந்தபோது பெட்டியில் வழக்கமான சென்ட் பாட்டில்கள் இல்லை. நான்கு தகர டப்பாக்களில் க்ரீன் டீ இருந்தது. பையில் அடைத்தது இல்லை, உதிரி இலை. ஒவ்வொரு டப்பாவின் மேலும் டேப் ஒட்டி, ஊரையும் பயனையும் எழுதியிருந்தார். ‘சீனா. தட்டை இலை. கொழுப்புக்கு.’ ‘சீனா. உருண்டை. செரிமானம்.’ ‘ஜப்பான். ஊசி இலை. சோர்வு போக.’ ‘ஜப்பான். வறுத்த அரிசி கலந்தது. வயிற்றுக்கு இதம்.’ கடைக்காரர்கள் பாதி சைகையில் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாராம்.

முதல் நாள் நம் டீ போலவே கொதிக்க வைத்துப் பாலும் சர்க்கரையும் போட்டேன். குட்டைத் தண்ணீர் நிறத்தில் ஒன்று வந்தது.

“ஐயோ, பால் ஊத்தாத!” என்று சமையலறைக்கு ஓடி வந்தார். “தண்ணிய இறக்கி அஞ்சு நிமிஷம் ஆற விடணும். அப்புறம் இலையைப் போட்டு, ரெண்டே நிமிஷத்துல வடிகட்டிடணும். இல்லன்னா கசந்து வழியும்.”

அவர் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு அந்த டீ பழகியது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த பால்கனியில் உட்கார்ந்து குடிப்பேன். உருண்டை இலை மிளகு போல டம்ளரின் அடியில் கிடக்கும். சுடுதண்ணீர் பட்டதும் ஒவ்வொன்றாக விரிந்து முழு இலையாகிவிடும். அரிசி போட்டதில் பொரி வாசனை. ஊசி இலை முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அதுதான் பிறகு எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று விசாரித்து, அந்தப் பக்கத்து டீயாகப் பார்த்துப் போடுவேன். சிக்னல் கிடைக்காத வாரங்களில் ஒரு கப் முடிந்ததும் இன்னொரு கப். கணக்கே இருக்காது.

அந்த மாதங்களில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் கண் மூடாது. அவரை நினைத்துத்தான் என்று நம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் கணவருக்காகத் தூக்கம் கெடுகிறவள் நான் என்று.

ஆறு மாதம் கழித்துத் தாம்பரத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியிருந்தது. க்ரீன் டீதான் காரணமா என்று ஆசையாகக் கேட்டேன்.

“அதனால மட்டும்னு சொல்ல மாட்டேன். எண்ணெயைக் குறைச்சிருக்கீங்க, தினமும் பீர்க்கன்கரணை ஏரி வரைக்கும் நடக்கறீங்க. டீயும் நல்லதுதான்” என்றார். தூக்கமில்லை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். “சாயங்காலம் எத்தனை கப்?”

“மூணு. சில நாள் நாலு.”

“அதுலயும் கஃபீன் இருக்கும்மா. மத்தியானத்துக்கு மேல தொடாதீங்க. சாப்பாட்டோடயும் குடிக்காதீங்க, இரும்புச்சத்து உடம்புல சேராது.”

மாலை டீயை நிறுத்தினேன். நான்காம் நாள் படுத்ததுதான் தெரியும். அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். எழுந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவர் இல்லாமல் இவ்வளவு நிம்மதியாகத் தூங்க முடிகிறதே என்று அழுதேன்.

விடுமுறையில் அவர் வந்ததும் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “அப்போ என்னை நினைச்சு இல்லயா? டீ பண்ண வேலையா?” என்றார். பிறகு, “ஒண்ணு சொன்னா நீ சிரிக்கக் கூடாது” என்றார்.

“சொல்லுங்க.”

“கரையில இறங்க ரெண்டு மூணு மணி நேரம்தான் விடுவாங்க. மத்தவங்க எல்லாம் செல்போன் கடைக்குப் போவாங்க. நான் டீக்கடைக்குப் போவேன். ருசி பாக்க சின்ன கப்புல ஊத்திக் குடுப்பாங்க. நான் ரெண்டு கப் கேப்பேன். ஒண்ணை எதிர் நாற்காலி பக்கம் வெச்சுட்டு உக்காந்திருப்பேன். அந்தக் கடைக்காரம்மா, யாரோ வரப் போறாங்கன்னு வாசலையே பாத்துட்டு இருக்கும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அதை நான் கேட்டதே இல்லை. குழந்தை, பள்ளிக்கூட வேலை, மாமியாருக்கு முடியாமல் போனது என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது. ஆபீசர்களின் மனைவிகள் ஒரு பயணம் கூடவே வரலாம் என்பது எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், “எதுக்கும்மா பாஸ்போர்ட்? பையன் வெளிநாட்டுல கீறாரா?” என்று கேட்டார். “இல்ல சார், டீ குடிக்க” என்று வாய் வரை வந்துவிட்டது. “வீட்டுக்காரரோட போகணும்” என்றேன்.

கம்பெனியில் அனுமதியும் கிடைத்தது. பள்ளிக் கோடை விடுமுறையில் நான் போய்க் கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஏறுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது கப்பலின் பாதை மாறியது. நான் ஏற வேண்டிய துறைமுகத்துக்கு அது போகவே இல்லை. அவர் போனில்தான் அதைச் சொன்னார். “பரவாயில்லீங்க” என்றேன். அன்று முழுக்க எந்த டீயும் போடவில்லை.

இப்போது அவர் வேறொரு கப்பலில் இருக்கிறார். மாற்று ஆள் வராததால் அவர் வேலைக் காலத்தை இரண்டு மாதம் நீட்டித்திருக்கிறார்கள். வரும் மே மாதம் என்னைக் கூட்டிப் போக மறுபடி கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். விடுமுறையில் எனக்கு எந்த வேலையும் போட வேண்டாம் என்று நான் எங்கள் தலைமையாசிரியையிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.