படகுச் சாமான்

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் படகுக்குச் சாமான் வாங்கக் கிளம்புவோம். எழுபதுகளின் நடுவில் தொடங்கிய வழக்கம் அது. ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சு வாத்தியார் தன் சின்னப் பாய்மரப் படகை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் மில்லில் ஃபிட்டர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தார். அரியாங்குப்பம் ஆற்றில் சும்மா சுற்றி வருவதற்கென்று படகு வைத்திருந்த மில் தொழிலாளி, எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

மழைக்காலம் முழுக்கப் படகு கீற்றுக்கடியில் கவிழ்ந்து கிடக்கும். கயிறு மக்கியிருக்கும், ஆணிகள் பச்சை பூத்திருக்கும். கயிற்றுக்கு முதலில் வைத்திக்குப்பம் போவோம். கடைக்காரருக்கு எங்களைக் கண்டாலே சிரிப்பு வந்துவிடும்.

“மீனு புடிக்காத படகுக்கு இம்மாங் கவுறு எதுக்குண்ணே?”

“காத்து புடிக்க.”

“புடிச்சினு வந்தா எங்களுக்கும் ரெண்டு கூறு போடு.”

பெயின்ட், பித்தளைத் திருகாணி எல்லாம் வாங்கி முடித்துக் கடைசியில் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருவோம். காலி செய்துவிட்டுப் போன வெள்ளைக்கார வீடுகளின் பொருள்கள் அங்கே தரையில் பரப்பிக் கிடக்கும். கப்பிகளும் கொக்கிகளும் அங்கேதான் கிடைத்தன.

எழுபதுகள் முடிந்த மறு வருடம் என் மனைவிக்கு ஏழாம் மாதம். பல வருடம் காத்திருந்து தங்கிய கரு. அன்று சந்தையில் அண்ணன் ஒரு துணிக்குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையில் சிறு குழந்தைக்கான தக்கைச் சட்டை ஒன்று இருந்தது. தண்ணீரில் விழுந்தால் மிதக்க வைக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை.

“அண்ணே, மொதல்ல கொழந்த பொறக்கட்டும்” என்றேன்.

“அதுக்குள்ள எவனாச்சும் தூக்கினு போயிடுவான்டா. இதெல்லாம் மறுபடி கெடைக்குமா?”

எங்கள் வீடுகளில் பிறக்காத குழந்தைக்கு எதுவும் வாங்குவதில்லை. பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். அம்மா சட்டையைப் பார்த்ததும் முகம் கறுத்தாள்.

“பொறக்காத புள்ளைக்கு ஆருடா சட்ட வாங்குவாங்க?”

“சட்ட இல்லம்மா. கவுறு, ஆணி மாதிரி இதுவும் படகுச் சாமான்.”

என் மனைவி சிரித்துவிட்டாள். “மாமா, நீச்சல் கத்துக்கினுதான் ஒங்க படகுல ஏறும் எம் புள்ள” என்றாள்.

குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்தது. மாசி மகத்துக்கு முந்தின வாரம் என்று அம்மா கடைசிவரை சொல்லிவந்தாள். மகத்தன்றுதான். தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போன சாமிகளின் கூட்டத்தில், ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் ரிக்‌ஷா நகராமல் நின்றதும், மேளச் சத்தத்தில் என் மனைவியின் முனகல் எனக்குக் கேட்காமல் போனதும் நினைவிருக்கிறது. பெண் குழந்தை. அழவில்லை.

அம்மா அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. என் மனைவி கூடத்தில் இருந்தால் அவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். தக்கைச் சட்டையை என்ன செய்தாரென்று நான் கேட்கவில்லை. ஒருநாள் கிணற்றடியில், என்னைப் பார்க்காமலே, “படகுச் சாமான்னுதான்டா நெனச்சேன்” என்றார். அந்தப் பருவம் படகு கீற்றுக்கடியிலேயே கிடந்தது.

அடுத்த வருடம் பொங்கல் கழிந்த ஞாயிறு என் மனைவியே என்னை எழுப்பினாள். “வாங்க, கவுறு வாங்கினு வருவோம்.” கடைக்காரர் அன்று கேலி எதுவும் பேசாமல் அளந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கயிற்றை அண்ணன் முன்னால் வைத்தாள்.

“படக எறக்குங்க மாமா.”

அவர் கயிற்றைத் தொடவில்லை. “எம்மேல கோவம் இல்லியாம்மா?”

“ஒங்க மேல எதுக்குக் கோவம்? புள்ள தங்கல. அவ்ளோதான். சட்ட வாங்கினா சாவுமா?”

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டார் என்றுதான் நினைத்தோம். இரண்டு வாரம் மில் விட்டு வந்து விளக்கு வைக்கும்வரை படகிலேயே இருந்தார். பலகை இடுக்குகளை அடைத்து, பெயின்ட் அடித்து, புதுக் கயிறு பூட்டினார். ஒரு ஞாயிறு காலையில் மூவரும் சேர்ந்து தள்ளிப் படகை ஆற்றில் இறக்கினோம். அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். நானும் ஏறினேன். அவர் ஏறவில்லை.

“ஏறு அண்ணே.”

“நீங்க போயிட்டு வாங்க. நான் ஏற வேணாம்” என்று சொல்லி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டார்.

காற்று நன்றாக இருந்தது. பாய் விரிந்ததும் படகு வேகமாக விலகியது. அவர் அதே இடத்தில் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் அழாத என் மனைவி, நாங்கள் வளைவைத் தாண்டி அவருக்குக் கேட்காத தூரம் வந்த பிறகு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.