மல்லாட்டை ஆய்ந்த கல்லூரி அக்காக்கள்

அக்கா கல்லூரிக்குப் போகக் கூடாது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் உறுதியாக இருந்தோம். அம்மாவும் நானும். கல்லூரிக்குப் போகிற பெண்கள் குனிந்து ஒரு துரும்பைக்கூட எடுக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் கட்சி. அக்கா பஸ் ஏறிவிட்டால் அவள் வேலையெல்லாம் என் தலையில் விழும் என்பது என் கட்சி. அப்போது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அந்தக் கோடையில், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கத் திருவண்ணாமலையிலிருந்து கல்லூரி மாணவிகள் ஊர் ஊராக வந்தார்கள். எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அக்கா மட்டும்தான் பாக்கி. கடைசி நாள் மதியம் இரண்டு பேர் ஸ்கூட்டியில் எங்கள் நிலத்துக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். இன்னொருத்தி பையன் மாதிரி கிராப் வெட்டியிருந்தாள். அந்தத் தலையை அம்மா பார்த்த பார்வையில், ஆட்டம் முடிந்தது என்று எனக்கு ஏக சந்தோஷம்.

புங்க மரத்தடியில் மல்லாட்டைச் செடி என் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். செடியிலிருந்து காயை ஆய்ந்தெடுக்க ஆள் கிடைக்காமல் அம்மாவும் அக்காவும்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

“அஞ்சு மணிக்குள்ள போன்லயே விண்ணப்பத்த அனுப்பணும்மா” என்றாள் கண்ணாடி அக்கா.

“அதுக்கின்னா, இந்தக் குவியல ஆய்ஞ்சு முடிச்சிட்டு வருவா” என்றாள் அம்மா, அது அன்றைக்கு முடியாது என்று தெரிந்தே.

கிராப் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடையில் காய் சடசடவென்று விழ ஆரம்பித்தது. அம்மாவின் கை ஒரு கணம் நின்றது.

“எந்த ஊரு நீ?”

“கீழ்பென்னாத்தூர் பக்கம்மா. எங்களுதும் மல்லாட்டதான். லீவு வுட்டா இதே வேலதான்.”

அதன்பிறகு அம்மா தன் வேகத்தைக் கூட்டினாள். அவளும் கூட்டினாள். கண்ணாடி அக்கா ஆய்ந்தது கம்மி, தின்றது ஜாஸ்தி. ஆனால் அவளும் எழுந்திருக்கவில்லை.

குவியல் இறங்க இறங்க, நான் வயலில் கிடந்த செடியை அள்ளி வந்து, சத்தமில்லாமல் குவியலின் பின்பக்கம் சேர்த்தேன். மூன்றாவது தடவை, கிராப் அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“இன்னும் இருந்தா எடுத்துனு வா பாப்பா. ஒரேயடியா முடிச்சிடலாம்.”

அக்கா என்னை முறைத்தாள். அம்மாவோ சிரித்துவிட்டாள். ரொம்ப நேரம் சிரித்தாள். “போதும் வுடுங்க. அந்தப் போன எடு” என்றாள். அப்போது மணி நாலரை.

அக்கா மண் கையோடு கண்ணாடி அக்கா பக்கத்தில் நகர்ந்தாள். போனில் கட்டம் கட்டமாக நிரப்பினார்கள். அம்மாவின் படிப்பு என்ன என்று கேட்டபோது, “படிக்கலன்னு போடுங்க” என்றாள் அக்கா.

“பத்தாவது பாஸ்” என்றாள் அம்மா சட்டென்று. “கணக்குல தொண்ணூத்தி ஒண்ணு.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அக்கா குதித்த குதியில் கூடை கவிழ்ந்தது. யாரும் திட்டவில்லை. அம்மா ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை கட்டிக் கொடுத்தாள். வண்டி கிளம்பும்போது கிராப் அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏம்மா, இதுக்கெல்லாம் இத்தினி வயசுக்குள்ளதான் படிக்கணும்னு எதுனா இருக்குதா?”

நான் முந்திக்கொண்டேன். “அக்காவுக்குப் பதினேழுதாம்மா ஆவுது. இதுகூடத் தெரியாதா உனக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். கிராப் அக்கா மட்டும் வண்டியின் என்ஜினை அணைத்தாள்.

“வயசெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஞாயித்துக்கெழம நான் வரேன். உங்க பத்தாவது மார்க் ஷீட்ட எடுத்து வைங்க.”

அக்காவின் விண்ணப்பம்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மிச்சச் செடியை ஆயத்தான் வருகிறாள் என்று முடிவுகட்டி, அந்த வாரம் முழுக்க அவளுக்காக ஒரு கட்டுச் செடியை ஒளித்து வைத்திருந்தேன்.