லைன் கோளாறு

அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. அக்காவுக்கு அவள் 'ஏய்'. அக்கா புருஷனுக்குப் 'பாசி'. மாமா பஸ் பணிமனையில் மெக்கானிக். ஒருநாள் மதியம் வெளியே எட்டிப் பார்த்தவர், தன் மச்சினி பணிமனை மதில் சுவரில் பச்சைப் பாசியைச் சுரண்டிக் காகித உறையில் போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு அசந்துபோனார். பஸ் புகையில் வரும் உலோகத் தூளைச் சுவர்ப்பாசி எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவள் செய்யும் ஆராய்ச்சி. "நாங்க விடுற புகைக்கு நீ சாட்சி தேடுறியா?" என்று சிரித்தவர், மறுநாளிலிருந்து எந்தச் சுவரில் பாசி செழித்திருக்கிறது என்று அவரே துப்புக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

பாசிக்குப் பேச்சு திக்கும். ஒரே எழுத்தைத் தட்டித் தட்டிச் சொல்கிற திக்கலில்லை அவளுடையது. வார்த்தை தொண்டைவரை வந்து நின்றுவிடும். வாய் பாதி திறந்திருக்கும், முகம் அசையாது, சத்தம் மட்டும் வராது. வீட்டு ஆட்களிடம் அவ்வளவாகத் திக்காது; வெளியாட்கள் முன்னால்தான் மோசம். 'ப'வில் தொடங்கும் சொல்லென்றால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவள் போயும் போயும் பாசியையா ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்கும் தோன்றியிருக்கிறது. மனசுக்குப் பிடித்துப்போனதை என்ன செய்வது?

நேரில் நடக்கும் கருத்தரங்கு என்றாலே அவளுக்கு ஆகாது. மேடையில் அவள் திணறும்போது முன்வரிசைக்காரர்கள் தங்கள் செருப்பைப் பார்ப்பார்கள். நல்ல மனசுள்ள யாராவது அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவார். அவளுக்கு அதுதான் இன்னும் வலிக்கும். தன் வாயிலிருந்து தன் சொல்லைப் பிடுங்கியது போலிருக்கும்.

பிறகு ஆன்லைன் கருத்தரங்குகள் வந்தன. முதல் தடவை தன் அறையிலிருந்து பேசியபோது, இரண்டாவது ஸ்லைடிலேயே வார்த்தை மாட்டிக்கொண்டது. அமர்வை நடத்தியவர், "அம்மா, உங்க லைன் கட் ஆகுது. படம் அப்படியே நிக்குது," என்றார். 'ஆமா, நெட் வீக்' என்று சாட்டில் நாலு பேர் எழுதினார்கள். அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சட்டென்று கேமராவை அணைத்துவிட்டு, 'மன்னிக்கணும், இங்கே நெட் சரியில்லை' என்று தட்டினாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பிறந்ததிலிருந்து அவள் தலையில் கிடந்த பழி முதல்முறையாக வேறு எதன்மேலோ விழுந்தது. அந்த நிம்மதியில் அன்றைக்கு அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

பொய்தான். ஆனாலும் அவளைக் குறை சொல்ல மனசு வருகிறதா, சொல்லுங்கள்? அதன்பிறகு எங்கே ஆன்லைன் கருத்தரங்கு என்றாலும் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தாள். எல்லாவற்றிலும் 'நெட்' காலை வாரியது.

விஷயம் மாமா காதுக்குப் போனதுதான் வினை. வீட்டுப் பெண்ணின் படிப்புக்கு இடைஞ்சல் என்றால் சும்மா இருப்பாரா? இன்டர்நெட் கம்பெனிக்குப் போன்மேல் போன் போட்டார். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "ஸ்பீடு நல்லாத்தான் சார் இருக்கு," என்றார்.

"நல்லா இருந்தா எங்க பொண்ணு ஏன் பாதிப் பாதியில நிக்குது? யாருக்குக் காது குத்துறீங்க?" என்று மாமா எகிறினார்.

பாவம், அந்த மனிதர் ஒயரை மாற்றினார். பெட்டியை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். பாசி அறைக்குள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இந்த நிலையில்தான் அந்தப் பெரிய கருத்தரங்கு வந்தது. பாசி ஆராய்ச்சியில் ஊரறிந்த ஒரு பேராசிரியை கேட்க வருகிறார் என்றார்கள். அவர் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தவள் பாசி. அவளுடைய கைடு கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தம்மா அவங்க லேபுக்கு ஒரு ஆளத் தேடுறாங்க. எழுதி வெச்சுப் படிக்கிறத எல்லாரும் பண்ணிடுவாங்க. கேள்வி நேரத்துலதான் அவங்க எடை போடுவாங்க. நெட்ட மட்டும் சரி பண்ணிடும்மா."

அன்று மாமா லீவு போட்டார். மிக்சிக்குத் தடை, குக்கருக்குத் தடை. ஸ்டூலை அவள் அறை வாசலில் போட்டு, அதன்மேல் ஏறி, வைஃபை பெட்டியை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தினமும் பஸ்ஸுக்கு அடியில படுக்குற ஆளு, இன்னிக்கு உச்சாணில ஏறிட்டாரு," என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. ஒசரத்துல இருந்தாத்தான் சிக்னல் எறங்கும்."

பாசி பேசினாள். மூன்று இடத்தில் நின்றது. எப்படியோ கரையேறினாள். அமர்வுத் தலைவர் குறுக்கே வந்தார்: "பாவம், லைன் ரொம்ப மோசமா இருக்கு. இவங்க கேள்வி நேரத்த அடுத்தவருக்குக் கொடுத்துடலாம். நீங்க எழுதி அனுப்பிடுங்கம்மா." கேட்பதற்காகக் கையைத் தூக்கியிருந்த பேராசிரியை மெல்லக் கையை இறக்கினார். அந்தக் கை இறங்கியதைப் பார்த்ததும் பாசிக்குத் திக்கென்றது. இத்தனை நாள் அவளைக் காப்பாற்றிய பொய் இன்றைக்கு அவள் வாயையே அடைத்துவிட்டது.

"சார்..." என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை.

"பாருங்க, மறுபடியும் நின்னுடுச்சு."

"நிக்கல சார்." திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "நெட் நல்லா இருக்கு. எனக்குத்தான்... பேச்சு திக்கும். படம் நிக்குதுன்னா... வார்த்தை வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் பொறுங்க."

பேராசிரியை தன் மைக்கைத் திறந்தார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா. ஒரு நல்ல மழை பெஞ்சா, புடிச்சு வெச்ச தூள் கழுவிக்கிட்டுப் போயிடாதா?"

விடை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அது 'பாசி' என்றுதான் தொடங்கும். 'அந்தச் செடி' என்று சுற்றிவளைத்துத் தப்பித்துவிடலாம். அந்த வித்தையெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். இன்று வேண்டாமென்று நின்றாள். வாய் திறந்தது. சத்தம் இல்லை. திரையில் இருந்த முகங்கள் ஒன்றும் அசையவில்லை. நிஜமாகவே லைன் போய்விட்டதோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"கேக்குதா?" என்றாள்.

அத்தனை தலையும் ஆடியது. ஒருவரும் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார்கள். "பாசி," என்றாள், முழுசாக. பிறகு மழைக்கு முன்னும் பின்னும் தான் எடுத்த மாதிரிகளைப் பற்றி நின்று நின்று, விடாமல் சொன்னாள். பேராசிரியை இன்னொரு கேள்வி கேட்டார். நேரம் தாண்டியது. கடைசியில், "எனக்கு எழுதும்மா, நாம பேசணும்," என்றார்.

கதவைத் திறந்தாள். மாமா இன்னும் ஸ்டூல் மேலேயே இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"அப்ப நெட்டுல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல மாமா. எப்பவுமே இல்ல."

அவர் இறங்கி உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டார். திட்டுவார் என்று அவள் நினைத்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா." பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. "அடிப்பாவி! அந்த லைன்மேனை என்னென்ன பேசினேன்! இனி அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"போனப் போட்டுக் கொடுங்க மாமா. நான் சொல்றேன்."

அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். போன் அடித்தால் தங்கை வேறு அறைக்குப் போய்விடுவாள். போனில் அவள் ஒருவரோடு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதே கிடையாது. மாமா லைன்மேனின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினார்.

"ஹலோ? யாருங்க? ஹலோ? ஒண்ணுமே கேக்கல. லைன் கட் ஆகுது போல."

போனைத் திரும்ப வாங்க மாமாவின் கை தானாக நீண்டது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட் ஆகலண்ணா," என்றாள் பாசி. "வெச்சிடாதீங்க. சொல்றேன்."