புளியமரத்தில் தொங்கிய ரொட்டி வண்டிக் கூண்டு

நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை வெயில் தொடங்கிய நாட்கள். மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் ரொட்டிக் கடை இருந்தது. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்கட்டில் அடுப்புக் கொட்டகை, ஒரு கிணறு, ஒரு பெரிய புளியமரம். அந்த மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் ஏழு மாச வயிற்றோடு நான் படுத்துக் கிடந்தேன்.

சொகுசுக்காகப் படுக்கவில்லை. அதற்கு முன்னால் இரண்டு தடவை எனக்குத் தங்கவில்லை. மூன்றாவது தடவை வைத்தியம் பார்த்த டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். நடக்காதே, உட்காராதே, குலுங்காதே, பிள்ளை வேண்டுமென்றால் படுத்தே கிட என்று. அன்றிலிருந்து என் உலகம் அந்தக் கட்டில் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

பிள்ளைத்தாய்ச்சி புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்பார்கள். என் மாமியார் இருந்திருந்தால் கட்டிலை அங்கே போடவே விட்டிருக்க மாட்டார். ஆனால் மாமியார் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பேச்சு கிளம்பியதுமே மைத்துனர் வந்து அவரை அரக்கோணத்துக்கு அழைத்துப் போய்விட்டார். கடையில் வேலை பார்த்தவர்களும் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். எதிர்வீடு பூட்டு, பக்கத்து வீடு பூட்டு, கடைசியில் தெருவே பூட்டு. மிஞ்சியது என் வீட்டுக்காரரும் நானும், எங்கே போவதென்று தெரியாமல் நின்ற இரண்டு மாடுகளும்தான்.

பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அதோடு கூட, சொன்னால் சிரிப்பீர்கள், ஏதோ சொப்பனத்தில் கிடப்பது மாதிரியும் இருந்தது. ஊர்ச் சத்தம் அடங்கிவிட்டதால் நட்டநடுப் பகலில் கடல் இரைவது கேட்டது. அதுவரை எங்கள் வீட்டுக்குக் கடல் சத்தம் எட்டும் என்றே எனக்குத் தெரியாது. கபாலி கோயில் மணி அடித்தால் கடைசி அதிர்வு வரை காதில் விழுந்தது. புளிய இலைகள் வெயிலைப் பொடிப்பொடியாக நறுக்கி என்மேல் போட்டுக்கொண்டே இருக்கும். நான் பாதி விழித்தும் பாதி உறங்கியும் கிடப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் நான் அவரை 'நீங்க' என்பேன். தனியாக இருந்தால் 'நீ'தான். தெருவே காலியானதால் அந்த நாட்கள் முழுக்க 'நீ'யாகவே ஓடியது. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் காலையில் டாக்டரம்மாவிடமிருந்து ஆள் வந்து, சேதி சொன்ன கையோடு திரும்பிப் போய்விட்டான். அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியைக் காஞ்சிபுரத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அவர் ஏற்கெனவே அங்கே போய்விட்டார். என்னை உடனே படுக்க வைத்த நிலையிலேயே கொண்டுவரச் சொல்லியிருந்தார். பட்டணத்தில் பிரசவம் பார்க்க ஒரு மருத்துவச்சிகூட இல்லை. எழும்பூரிலோ ரயில் ஏறக் கூட்டம் அடித்துக்கொண்டு கிடந்தது. அந்த நெரிசலில் என்னை ஏற்றுவது நடக்காத காரியம்.

எங்களிடம் ரொட்டி வண்டி இருந்தது. என் மாமனார் காலத்தில் ஒரு பழைய மோட்டாரின் பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, பலகைத் தளம் போட்டு, சுற்றி இடுப்புயரப் பக்கப்பலகை அடித்து, அதன்மேல் ஒரு தேக்குமரக் கூண்டைக் கவிழ்த்த வண்டி. கூண்டுக்குள் இரண்டு பக்கமும் ரொட்டி அடுக்கும் தட்டுகள். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான். கட்டிலைத் தட்டுகளுக்கு அடியில் தள்ளினாலும் என்னைக் கிடையாக உள்ளே தூக்கிப் போக வழியில்லை. தட்டுகளைப் பெயர்த்துவிடலாம் என்றால் அவைதான் கூரையையே தாங்கிக்கொண்டிருந்தன. ஆக, கட்டில் ஏற வேண்டுமென்றால் கூண்டு இறங்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்க அந்தக் கூண்டைக் கழற்றுவார்கள். கடை ஆட்கள் எல்லோருமாகச் சுற்றி நின்று, ஏலேலோ போட்டுத் தூக்குவார்கள். இப்போது இருந்தது ஒரே ஒரு ஆள். அதுவும் என் வீட்டுக்காரர் மாதிரி மெலிந்த ஆள்.

அவர் வழக்கம்போல வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினார். திருகாணிகளைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூண்டின் ஒரு மூலையில் தோளைக் கொடுத்து முக்கினார். அது அசைந்து கொடுக்கவில்லை. கடப்பாரையை நுழைத்து நெம்பினார். ஒரு மூலை எழும்பியது, அடுத்த மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை பழையபடி உட்கார்ந்துகொண்டது. கூண்டின் நாலு மூலையிலும் கட்டைவிரல் நீளத்துக்கு மரமுளைகள் உண்டு. அவை பக்கப்பலகையில் உள்ள துளைகளில் கச்சிதமாக இறங்கியிருக்கும். நாலும் ஒரே சமயத்தில் எழும்பினால்தான் கூண்டு கழலும்.

உதவிக்கு ஆள் தேடித் தெருத்தெருவாக அலைந்துவிட்டு உச்சி வேளைக்குத் திரும்பினார். அபிராமபுரம் வரை போயிருக்கிறார். ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம். வந்தவர் கிணற்று மேடையில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

நான் ஒருத்தி கட்டையாகக் கிடப்பதால்தானே இவருக்கு இந்தப் பாடு என்று தோன்றியது. அந்தக் கூண்டும் நானும் ஒன்றுதான், இரண்டும் அசையாத பாரம். அழுகையை அடக்கிக்கொண்டு, என்னை விட்டுவிட்டு அவரையாவது அரக்கோணத்துக்குப் போகச் சொன்னேன்.

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "பேசாம படு. இன்னொரு தபா சொன்னா கெணத்துல குதிச்சிருவேன். அப்பால நீதான் வந்து தூக்கணும்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? வண்டிக் கூண்டின் கூரைமேல் தடித்த புளியங்கிளை ஒன்று குறுக்கே போகும். அதிலிருந்து பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் ஞாபகத்துக்கு வந்தது.

கடை நடந்த நாட்களில் விடியற்காலையில் வண்டி நிறைய ரொட்டி, பிஸ்கட் டின், மாவு மூட்டை என்று ஏற்றிக்கொண்டு கிளம்பும். அப்போது ஒரு சத்தமும் இருக்காது. காலியாகத் திரும்பி வரும்போது மட்டும் புளியங்காய்கள் கூரையில் கரகரவென்று உரசும். படுத்த நாளிலிருந்து தினமும் அதைக் கேட்டிருக்கிறேன். பாரம் ஏறினால் வண்டி தாழும், கூரைக்கும் கிளைக்கும் நடுவில் இடைவெளி விழும். பாரம் இறங்கினால் வண்டி எழும்பும், இடைவெளி மூடும். வேலைவெட்டி இல்லாமல் மல்லாந்து கிடந்தவள் மட்டுமே பார்க்கக்கூடிய சங்கதி அது.

"இந்தாய்யா," என்று கூப்பிட்டேன். "கூண்ட நீ தூக்க வேணாம். அத்த கெளையில கட்டிட்டு, வண்டிய கீழ எறக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கிளையைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். எழுந்து கிணற்றுக் கயிற்றை அவிழ்க்கப் போனார்.

கூண்டின் அடிச்சட்ட முனைகள் பக்கப்பலகைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் கயிற்றைச் சுற்றி, கிளைமேல் போட்டு இழுத்துக் கட்டினார். கட்டிய கயிறுகளுக்கு நடுவே விறகுக் கட்டையைச் செருகி முறுக்கினார். கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது. பிறகு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். அந்த நிசப்தத்தில் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. வண்டி மெல்ல மெல்ல உட்கார்ந்தது.

கூண்டு வண்டியோடு போகவில்லை. ஆனால் பாரம் தன்மேல் ஏற ஏறக் கிளையும் வளைந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். முளைகள் இன்னும் துளைக்குள்தான் இருந்தன. ஒரு விரற்கடை இறங்கினால் போதும், ஆனால் டயரில் இனிப் பிடுங்கக் காற்று இல்லை.

"இன்னும் பாரம் ஏத்து," என்றேன்.

"எத்த ஏத்துறது? மூட்டையெல்லாம் காலியாக் கீதே."

கடை மூடியதால் மாவு ஒரு பிடிகூட இல்லை. கல்லைத் தூக்கிப் போட அவர் உடம்பில் தெம்பும் இல்லை. கிளை லேசாக முனகியது. பிறகு எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஒரே சமயத்தில் கிணற்றுப் பக்கம் போனது.

மாவு பிசையும் மரத்தொட்டியை இழுத்து வந்து வண்டியின் பின்கதவைத் திறந்து தளத்தில் தள்ளினார். அது பக்கப்பலகையைவிட உயரம் குறைவு, வண்டி நகரும்போது கூண்டில் இடிக்காது. ராட்டினத்துக்கு ஒரு பழைய கயிற்றைப் போட்டுத் தண்ணீர் இறைத்தார். ஒவ்வொரு குடமாகத் தொட்டியில் ஊற்றினார். ராட்டினம் கிறீச்சிடும், தண்ணீர் விழும், அவர் பாதம் ஈரத்தோடு சளக் சளக்கென்று போய்வரும். நான் அந்தத் தாளத்தில் கண் செருகிப் போனேன். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. விழித்தபோது முளைகளின் நுனிக்கும் பக்கப்பலகைக்கும் நடுவில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது.

"நிறுத்து," என்றேன். "போதும். அந்தாண்ட தெரியுது."

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். முன்னால் போய் வண்டியைக் கிளப்பி, காற்றில்லாத டயரிலேயே அங்குலம் அங்குலமாக முன்னே உருட்டினார். வண்டி வெளியே வந்துவிட்டது. கூண்டு புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரொட்டி மணம் வீசும் ஒரு சின்ன வீடு, கீழே தரையே இல்லாமல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்த அதிசயங்களில் இன்றும் அதுதான் முதல்.

தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்தார். கைப்பம்பை எடுத்து ஒவ்வொரு டயராக அடித்தார். வெயில் தாழ்ந்துவிட்டது. கடைசியில் என்னிடம் வந்தார். நடக்கக் கூடாது, உட்காரக் கூடாது. அவர் குனிந்து, முதுகுக்கும் முழங்காலுக்கும் கீழே கைகளைக் கொடுத்து, அடுப்பிலிருந்து சூடான ரொட்டித் தட்டை எடுப்பது மாதிரி என்னைக் கிடையாகத் தூக்கி கொட்டகையில் இருந்த மாவு மேஜையில் கிடத்தினார். கட்டிலை வண்டியில் ஏற்றிவிட்டு, மறுபடி என்னைத் தூக்கினார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. கலியாணம் ஆகி அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படித் தூக்கியதே இல்லை.

கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்து, "கூண்டே பரவால்ல போலக் கீது," என்றார்.

அன்று சாயங்காலம் நாங்கள் மயிலாப்பூரை விட்டுக் கிளம்பினோம். ரேஷன் பெட்ரோலில் மிச்சம் பிடித்த ஒரு டின் இருந்தது. ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் ஓட்டினார். தலைக்குமேல் கோபுரத்தின் உச்சி போனது, தென்னை ஓலைகள் போயின, பூட்டிய மாடி ஜன்னல்கள் போயின. சைதாப்பேட்டைப் பாலம் வந்ததை ஆற்றுக்காற்றை வைத்துத்தான் அறிந்தேன். தெருக்களையெல்லாம் யாரோ சுருட்டி எடுத்துப் போய்விட்டு வானத்தை மட்டும் எனக்காக விட்டுவைத்தது போல இருந்தது. கிண்டி மரங்களுக்கு நடுவே முதல் நட்சத்திரம் தெரிந்தது. வழி நெடுக வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குலுங்காதே, குலுங்காதே என்று வண்டியிடமே கெஞ்சிக்கொண்டு வந்தேன்.

பெண் குழந்தை, மாசம் நிறைந்து, காஞ்சிபுரத்தில் பிறந்தாள். டாக்டரம்மா அவளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டியபோது அவள் போட்ட சத்தத்தில்தான் எனக்கு உயிரே வந்தது. ஊர் அமைதியானதும் ஆவணியில் திரும்பினோம். கூண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ரொட்டித் தட்டுகளில் அணில்கள் தேங்காய் நாரைப் பரப்பிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. திரும்பி வந்த கடை ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இத்தனை பெரிய கூண்டைத் தனி ஆளாக எப்படிக் கழற்றினீர்கள் என்று அவரைத் துளைத்தெடுத்தார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டி, "தனி ஆளா இன்னா? அவதான் படுத்துக்கினே கழட்டுனா," என்றார். மாமியார் முன்னால்தான் சொன்னார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அதன் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ பேரை நோய்ப் படுக்கையில் பார்க்கப் போயிருக்கிறேன். எல்லோரும் நான் அன்று நினைத்தது மாதிரியே, மற்றவர்களுக்குப் பாரமாகக் கிடக்கிறோமே என்றுதான் கலங்குவார்கள். நான் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்று கேட்கிறேன், அவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொள்கிறேன்.