பால்காரச் சம்மனசு

எங்கள் ஊர் சான் தெல்மோவில் பிசாசாக வேண்டுமென்றால் முதலில் நல்லவனாக இருக்க வேண்டும். நற்கருணைத் திருநாளுக்கு ஒன்பது நாள் முன்பிருந்தே சாராயத்தைத் தொடக்கூடாது. சாமியாரிடம் ஒன்று விடாமல் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும். சிவப்புக் கறுப்புக் கோடு போட்ட சட்டைக்கு உள்ளே, நெஞ்சுப் பக்கம், சின்னதாக ஒரு சிலுவை தைத்திருக்க வேண்டும். திருநாள் கூத்தில் பன்னிரண்டு பேர் பிசாசு வேஷம் கட்டி ஆடும்போது நிஜப் பிசாசு பதின்மூன்றாவதாக வந்து கலந்துகொள்ளும், அழுக்கு மனசோடு ஆடுகிறவனை இழுத்துக்கொண்டு போகும் என்பது ஊர் நம்பிக்கை.

மிக்கேல் சம்மனசு வேஷத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. வானத்திலிருந்து வாளோடு இறங்கி வந்து பிசாசை விரட்டுகிற தேவதூதர் அவர். ஏற்கனவே சுத்தமானவருக்கு எதற்குப் பரீட்சை என்று முன்னோர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் பால்காரர் நிக்கனோர் செதேன்யோ உள்ளே நுழைந்தார். நுழைந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

எங்கள் பக்கத்து வீடுதான். ஏழு மாடும் ஒரு இருமல் மோட்டார் சைக்கிளும் வைத்திருந்தார். ஏழு மாட்டுப் பால் பதினோரு மாட்டுப் பாலாக ஊருக்குள் வரும். மிச்ச நாலு மாடு எங்கள் ஆற்றில் ஓடிக்கொண்டிருந்தது. சேக்கோ சாராயத்தில் பால் ஊற்றிக் குடிப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அவர் அப்படிக் குடிக்கும்போது மட்டும் தன் வீட்டுப் பாலைத் தண்ணீர் கலக்காமல் எடுத்துவைப்பார். சாராயத்துக்கு மரியாதை தர வேண்டுமாம். பொய், சேவல் சண்டை, மெழுகுவர்த்தித் திருட்டு எல்லாவற்றிலும் கை உண்டு. ஆனால் ஆள் ஆறடி, சம்மனசின் வெள்ளைப் பாவாடை அவருக்கு மட்டும்தான் முழங்காலுக்கு மேலே நின்றது. கூத்து முடிந்ததும் வீட்டுக்கு வீடு சம்மனசுக்கு ஒரு கிளாஸ் சாராயம் கொடுப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

கூத்து கோயில் வாசற்படியில் நடக்கும். வெள்ளை உடுப்பில் ஒரு பிள்ளை நடுவில் நிற்கும், அதுதான் ஆத்துமம். பெரிய பிசாசு ஒரு நீளக் காகிதத்தை விரித்து ஆத்துமத்தின் பாவங்களை வாசிக்கும். ஒவ்வொன்றுக்கும் மிக்கேல் அழகான பாட்டில் பதில் சொல்ல வேண்டும். நிக்கனோர் மாமா பத்தொன்பது வருடமாக எல்லாப் பாவத்துக்கும் ஒரே பதில்தான் சொல்லிவந்தார்: "தள்ளிப் போடா!" ஜனங்களுக்கு அதுவே பிடித்துப்போய்விட்டது.

இந்த வருடம் ஆத்துமமாக நின்றது அவருடைய மகள் அராசெலி. ஒன்பது வயது. பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை. நாலு எட்டு ஓடினால் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். அடுத்த திங்கட்கிழமை பனாமா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மாமா மட்டும் பால் கறக்கும்போது மாடுகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

"ஆத்துமத்துக்கு என் பொண்ணு நிக்கட்டும்" என்று அவருடைய மனைவி எடில்மா அத்தைதான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாள். "கூத்துல ஓடாம ஆடாம சும்மா நிக்கிற வேஷம் அது ஒண்ணுதானே. கடவுள் பார்வையும் படும்."

இனி என் வேலையைச் சொல்கிறேன். பெரிய பிசாசு வேஷம் கட்டும், கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை போர்ஃபிரியோவிடம் போய், நானும் பிசாசாக ஆடுகிறேன் என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ளைக்குப் பிசாசா இருக்கத் தகுதி பத்தாது, இட்செல்."

"சாமியாரோட அங்கில தவளையை விட்டது நான்தானே? அது பத்தாதா?"

"அதனாலதான் சொல்றேன். போயிரு."

எங்கள் அம்மாதான் பிசாசு உடுப்புகளைத் தைப்பவள். பெட்டியடியில் எலி வாலைக் கடித்த பழைய உடுப்பு ஒன்று கிடந்தது. ஒரு கொம்பு ஒடிந்த முகமூடியும் கிடைத்தது. போர்ஃபிரியோ எண்ணும்போது பதின்மூன்றாவதாக நிற்க வேண்டும், அவர் பதறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். அந்த நம்பிக்கையின் பின்பாதி எனக்கு மறந்தே போயிருந்தது. எப்போதோ ஒரு வருடம் பதின்மூன்று வந்ததாம். அந்த வருடம் ஆத்துமமாக நின்ற பிள்ளை அடுத்த வருடத் தவசுக்காலம் வரை உயிரோடு இருக்கவில்லையாம்.

திருநாள் காலை. தெருவெல்லாம் பூக்கம்பளம். மேளம் நின்றதும் போர்ஃபிரியோ கோலைத் தரையில் தட்டித் தட்டி எண்ணினார். ஒவ்வொரு பிசாசும் தன் முறைக்குக் கையிலிருந்த சிப்ளாக்கட்டையைத் தட்டியது. பதினொன்று. பன்னிரண்டு. நான் தட்டினேன்.

கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. போர்ஃபிரியோ மறுபடி எண்ணினார். மறுபடியும் பதின்மூன்று. பாவக் காகிதம் அவர் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. முகமூடிக்குள் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"நான் இல்லப்பா!" என்று ஒருவன் முகமூடியைக் கழற்றினான். தபால்காரன். "நானும் இல்ல!" இறைச்சிக் கடைக்காரர். ஒவ்வொருவராகக் கழற்றிக் கழற்றி முகத்தைக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். கடைசியாகப் போர்ஃபிரியோவும் கழற்றினார், மூக்குக் கண்ணாடி நெற்றியில் தொங்கியது. மேல் படியில் மூன்று பேர்தான் மிச்சம். அராசெலி, நான், தகர வாளோடு நிக்கனோர் மாமா.

அப்போதுதான் அந்தப் பின்பாதி எனக்கு ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து ஞாபகம் வந்தது.

அவர் "தள்ளிப் போடா" சொல்லவில்லை. வாளைக் கீழே வைத்தார். மகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"யார் பாவத்தை வாசிக்க வந்தே? இவளோடதையா? இவகிட்ட என்னய்யா இருக்கு? பூனைக்குப் பேர் வெச்சிருக்கா, அதுக்கு ஞானஸ்நானம் குடுத்தா. அதுவா பாவம்? பாவம் வேணும்னா எங்கிட்ட வா. நான் சொல்றேன், நீ கேளு."

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"பால்ல தண்ணி ஊத்தினேன். பத்தொம்போது வருஷமா ஊத்துறேன். வெள்ளிக்கிழமை கூடுதலாவே ஊத்துவேன். ஆத்துத் தண்ணி, காய்ச்சினதுகூட இல்ல."

"அட பாவி!" என்று யாரோ கத்தினார்கள்.

"கோயில் மெழுகுவர்த்தி எடுத்து வித்தேன். வித்தது சாமியாருக்கே. செத்த மாட்டைச் சந்தையில தூங்குதுன்னு சொல்லி வித்தேன். எடில்மாவோட செவப்புச் சேவலைத் திருடன் கொண்டுபோகல, நான்தான் பந்தயத்துல தோத்தேன்."

கூட்டத்திலிருந்து எடில்மா அத்தையின் குரல் வந்தது. "மூணு நாள் என்கூட உக்காந்து அழுதீங்களே!"

"நெசமாத்தான் அழுதேன் எடில்மா. அது நல்ல சேவல்." அவர் திரும்பாமலே சொன்னார். பிறகு என்னிடம், "இதைவிடக் கொழுத்த ஆத்துமம் உனக்கு இந்த ஊர்ல கிடைக்காது. என்னைக் கூட்டிட்டுப் போ. இப்பவே வரேன், செருப்புகூட மாட்டல. புள்ளையை விட்ரு."

சொல்லிவிட்டுக் கைகளை என் முன்னால் நீட்டினார், போலீஸிடம் நீட்டுகிற மாதிரி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுவது கஷ்டம், மூக்கு ஒழுகினால் துடைக்க வழியில்லை. பலமாக ஒரு தடவை உறிஞ்சினேன். அந்தச் சத்தத்தை அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதினாறு வருடமாகக் கேட்டிருக்கிறார். ஒரு எட்டு முன்னால் வந்து கண் ஓட்டைக்குள் உற்றுப் பார்த்தார்.

"இட்செல்லா?" உதடு மட்டும்தான் அசைந்தது.

"ஆமா மாமா. கழட்டிரவா?"

"கழட்டினே, உன்னை இங்கேயே கொன்னுருவேன். பாப்பா பாத்துக்கிட்டிருக்கா." குனிந்து வாளை எடுத்தார். "நாயே, ஒழுங்கா தோத்துப் போ."

"எப்படித் தோக்கறது?"

எப்படி என்று காட்டினார். தகர வாளென்றாலும் ஆறடி ஆள். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, எனக்குச் சேரவேண்டியது எல்லாம் சேர்ந்தது. நான் ஊளையிட்டேன், பாதி நடிப்பு. ஒன்பது படியும் உருண்டேன், அதில் நடிப்பே இல்லை. ஜனங்கள் அலறி வழிவிட, மாட்டுச் சந்தைப் பக்கம் ஓடிப்போனேன். திரும்பிப் பார்த்தபோது அராசெலி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு எந்த வீட்டிலும் சம்மனசுக்குக் கிளாஸ் வரவில்லை. நாலு நாள் ஊரில் யாரும் அவரிடம் பால் வாங்கவில்லை. ஐந்தாம் நாள் வாங்கினார்கள், வேறு பால்காரர் இல்லை. நாற்றம் வந்தது, கந்தகம்தான், என் மூக்கே சாட்சி என்று போர்ஃபிரியோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எடில்மா அத்தை புருஷனோடு பேசவில்லை, ஆனால் சோறு மட்டும் போட்டாள். மாமா என்னிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலியோரம் ஒரு செம்பு பால் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் கலக்காத பால். வீக்கத்துக்குக் குடிக்கவா தடவவா என்று தெரியாமல் இரண்டும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அராசெலி வந்தாள். நான் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன்.

"அக்கா, முதுகு ரொம்ப வலிக்குதா?"

"மாமரத்துல இருந்து விழுந்துட்டேன்."

"பிசாசு நீல ரப்பர் செருப்பு போடாதுக்கா."

நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"அப்பாகிட்ட சொல்லிராதீங்க" என்றாள் குரலைத் தாழ்த்தி. "நெசப் பிசாசையே அடிச்சு விரட்டிட்டோம்னு நெனச்சுக்கிட்டிருக்கார். இப்பல்லாம் ராத்திரி தூங்குறார். தெரிஞ்சா பாவம்."

இந்தக் குடும்பத்தில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குத் தலை சுற்றியது. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவள் போகவில்லை. கட்டில் காலைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு நீங்களும் வரணும்."

"ஆஸ்பத்திரிக்கா? நான் எதுக்கு?"

"என்னைத் தூங்க வெச்சுருவாங்களாம். சண்டை போட அப்பா இருக்கார். தோக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

போனேன். ஐந்து மணி நேரப் பஸ், முதுகைச் சாய்க்க முடியாமல். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் எடில்மா அத்தை ஜெபமாலையை எடுத்தாள். மாமாவுக்கு ஜெபம் ஒன்றும் முழுசாகத் தெரியாது. எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். நான் பையிலிருந்து டோமினோ புள்ளிக் கட்டைகளை எடுத்து எங்களுக்கு நடுவே பெஞ்சில் கொட்டினேன்.

"ஆடலாமா மாமா?"

"பேசாதே எங்கிட்ட" என்றார். பிறகு கட்டைகளைக் கலைத்தார்.

ஆறு மணி நேரம் ஆடினோம். பதினேழு ஆட்டம். சட்டைக் கையில் இரட்டை ஆறை ஒளித்துவைத்திருந்தார், சமயத்தில் கட்டையின் புள்ளியை விரலால் மறைத்துத் தப்பான இடத்தில் சொருகினார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கையில் ஜெயிக்கிற கட்டை இருக்கும்போதெல்லாம் நான் "எங்கிட்ட இல்ல மாமா" என்று சொல்லிப் பதினேழையும் தோற்றேன்.

பதினெட்டாவது ஆட்டத்துக்கு அவர் கட்டைகளைக் கலைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு எங்களைத் தேடினார். மாமா கட்டைகளைக் கலைத்துக்கொண்டே இருந்தார். எடில்மா அத்தைதான் போனாள். டாக்டர் ஏதோ சொன்னார். அவள் திரும்பி, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனிடம் பேசினாள்.

"கண்ணு முழிச்சுட்டாளாம். யாரு ஜெயிச்சதுன்னு கேக்குறாளாம்."