மழைப்பைப் திறக்கும் நேரம்

விளையாட்டிடங்களுக்கான உபவிதிகளில் ஒன்பதாம் பிரிவு சொல்வது இது: பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உபயோகத்துக்கென அமைக்கப்பட்ட நீர்க்குழாய்கள் நாள்தோறும் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை கட்டணமின்றித் திறந்துவிடப்பட வேண்டும், வாயிற்கதவில் ஏழு நாள் முன்னறிவித்தல் ஒட்டப்படாமல் அவை மூடப்படலாகாது.

எந்த அறிவித்தலும் ஒட்டப்படவில்லை. ஒட்டுவதற்கு வாயிற்கதவும் இருக்கவில்லை. அந்த இடத்தில் மணல் மூட்டைகள் இருந்தன.

கொட்டாஞ்சேனையில் நான் தங்கியிருந்த லொட்ஜுக்கு எதிரே, ஒழுங்கை முடிகிற மூலையில் இருந்தது அந்தச் சிறிய விளையாட்டிடம். இரண்டு ஊஞ்சல்கள், இரண்டிலும் பலகை இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் சீமெந்துத் தளம் ஒன்று போட்டு, அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே துளையிட்ட இரும்புக் குழாய்களை வளைத்து நிறுத்தியிருந்தார்கள். பெட்டிக்குள் இருந்த வால்வைத் திருகினால் நான்கு பக்கமிருந்தும் தண்ணீர் சிதறி விழும். சனங்கள் அதற்கு வைத்த பெயர் மழைப்பைப். துறைமுகத்துக்குப் போகிற பெரிய குழாயிலிருந்து இணைப்பு எடுத்திருந்தபடியால், தெருப்பைப்புகள் காலையில் கொஞ்ச நேரம் இருமிவிட்டு ஓய்ந்து போகிற கோடையிலும் இதில் தண்ணீர் நிற்காது. மூன்று மணிக்கு அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கே நிற்கும். கத்துகிறபோது எது தமிழ்ப் பிள்ளை, எது சிங்களப் பிள்ளை, எது முஸ்லிம் பிள்ளை என்று பிரித்தறிய முடியாது. பிற்காலத்தில் அதைப் பிரித்தறியவே சம்பளம் கொடுத்து ஆட்களை நிறுத்தினார்கள்.

நகரில் குண்டு ஒன்று வெடித்த வாரம் விளையாட்டிடம் காவலரணாயிற்று. சீமெந்துத் தளத்தில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். விளையாட்டிடத்துக் காவற்காரரை வேறெங்கோ மாற்றினார்கள். வால்வுப் பெட்டிப் பூட்டின் திறப்பு சிப்பாய்களின் தகரக் கொட்டிலில் ஓர் ஆணியில் தொங்கியது.

நான் அப்போது ஓய்வூதியக்காரன். யாழ்ப்பாணத்தில் எனக்கிருந்த வீட்டில் இராணுவம் இருந்தது. வாடகை கேட்டு எழுதிய கடிதங்களின் பிரதிகள் என்னிடம் இருந்தன. லொட்ஜின் இரண்டாம் மாடியில் ஒரு கட்டில், ஒரு மேசை, நாளுக்கு ஒரு வாளி தண்ணீர். மேல்மாடித் தகரக்கூரை அறைகளில் வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அறைக்கு ஒரு வாளிதான். அந்த விஷயத்தில் லொட்ஜ் முதலாளி பேதம் பார்க்காதவர்.

அந்தத் தகரக்கூரை அறைகளில் ஒன்றுக்குத்தான் வன்னியிலிருந்து ஓர் இளம்பெண் தன் ஆறு வயது மகளோடு வந்து சேர்ந்தாள். கணவன் கனடாவில். அவன் போட்ட ஸ்பொன்சர் சரிவந்து, தூதரகம் கூப்பிடும்வரை அவள் கொழும்பில் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தலைமயிர் பூனைமயிர்போல. பற்கள் இரண்டோ மூன்றோ, கூராக. முதல் நாள் மாடிப்படியில் அந்தப் பிள்ளையைக் கண்டபோது முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்லை ஐயா. இவளுக்கு வேர்க்காது" என்றாள் தாய்.

வியர்வைச் சுரப்பி இல்லாமல் பிறந்த பிள்ளை. பெரியாஸ்பத்திரி டொக்டர் அவளுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: இதற்கு மருந்து கிடையாது, வெயில் நேரத்தில் உடம்பை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் வலிப்பு வரும், ஒரு வலிப்பில் பிள்ளை போய்விடக்கூடும். வன்னியில் வீட்டு முற்றத்தில் கிணறு இருந்தது. பிள்ளை பாதி நாள் கிணற்றடியிலேயே வளர்ந்தது. கொழும்பில் ஒரு வாளி இருந்தது. பிற்பகலில் என் வாளியில் மிஞ்சியதையும் மேலே அனுப்பினேன். தகரத்தின் கீழ் அது போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் தேநீருக்கு ஆகும் அளவு சூடாகிவிடும். மின்வெட்டு நாட்களில் ஃபேனும் இல்லை.

ஆகவே நான் ஒன்பதாம் பிரிவைச் சிங்களத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு காவலரணுக்குப் போனேன். என் சிங்களம் சம்பள உயர்ச்சிக்காகப் பரீட்சை எழுதிப் பெற்றது. அதில் சட்டம் வாசிக்கலாம், கத்தரிக்காய் வாங்க முடியாது. காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு இருபது வயதுக்கு மேல் இராது. நான் பிரிவு முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை துவக்கில் சாய்ந்துகொண்டு மரியாதையாகக் கேட்டான். பிறகு, "மாத்தயா நீதவானா?" என்று கேட்டான். இல்லை, பென்ஷன்காரன் என்றேன். சட்டத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கச் சொன்னான். பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தான். வைத்த கையை உடனே எடுத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய்த் திறப்போடு வந்தான்.

அவன் ஊர் குளங்கள் வற்றிப்போகிற வறண்ட பக்கம். வெயில் என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பெரியவரின் ஜீப் மூன்று மணிக்குத் துறைமுகப் பக்கம் போகும், போனபின் அரை மணித்தியாலம் திறப்பேன், யாரிடமும் கதைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னான். அன்றிலிருந்து ஜீப் திரும்பி மறைந்ததும் ஒழுங்கையைப் பார்த்து "நங்கி, எண்ட", தங்கச்சி வா என்று கூப்பிடுவான். பிள்ளை ஓடும். அதன் பின்னால் மற்றப் பிள்ளைகளும் ஓடும். தாய் மணல் மூட்டைகளுக்கு இப்பால் நிற்பாள். பிள்ளையின் முகம் செங்கல் நிறத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கி மனித நிறத்துக்கு வருவதை அவள் பார்ப்பாள். சில நாட்கள் நானும் பார்த்தேன்.

இப்படிச் சில மாதம் போயிற்று. விதி எதுவும் பின்பற்றப்படவில்லை, தண்ணீர் வந்தது. அதிலே நான் திருப்தியடைந்திருந்தேன் என்றால் என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

எங்கள் பகுதி நலன்புரிச் சங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. நம்மவர்களுக்கு ஒருவன் நல்லது செய்தால் அவனைப் பேசாமல் விட்டுவிடத் தெரியாது. பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும். பாடசாலை அதிபருக்குப் போர்த்துவோம், அமைச்சரின் காரியதரிசிக்குப் போர்த்துவோம், போன மாதம் போர்த்தியவருக்கு மறுபடி போர்த்துவோம். சங்கத் தலைவர் ஆமர் வீதியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். இரண்டு பொன்னாடை எப்போதும் கடை மேசை லாச்சிக்குள் ஆயத்தமாக இருக்கும். சங்க ஆண்டுவிழாவில் அந்தச் சிப்பாய்க்குப் போர்த்த வேண்டும் என்று, நானும் இருந்த செயற்குழுவில் பிரேரித்தவர் அவர்தான்.

நான் எழுந்து, அந்தப் பையன் செய்வது கட்டளைக்கு விரோதமானது, அது யாருக்கும் தெரியாதவரைக்கும்தான் நடக்கும், மேடையில் ஏற்றினால் அவனுக்கு எதிராக நாமே சாட்சி சொன்னதாகும் என்றேன்.

"நீங்கள் பென்ஷன் எடுத்தும் இன்னும் கந்தோருக்குள்ளதான் இருக்கிறியள்" என்றார் தலைவர். "ஒரு சிங்களப் பொடியன் எங்கட பிள்ளையளுக்குத் தண்ணி துறந்து விடுறான். அதை நாலு பேர் அறியக் கூடாதோ?"

"அறியக் கூடாது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதப் போனார்கள். ஏகமனது அல்ல, ஒருவர் எதிர்ப்பு என்று திருத்துவித்தேன். அந்த வெற்றியோடு லொட்ஜுக்குத் திரும்பினேன்.

ஆண்டுவிழா வரை பொறுக்கவும் இல்லை. அவன் மேடைக்கு வர மறுத்தபடியால், ஒரு ஞாயிறு பின்னேரம் மேளத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றோடும் காவலரணுக்கே போனார்கள். அவன் ஒரு கையால் துவக்கைப் பிடித்திருந்தான். மற்றக் கையால் வேண்டாம் வேண்டாம் என்றான். தலைவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். பொன்னாடை துவக்குமுனையில் சிக்கி வழுகியது. மறுபடி போர்த்திப் படம் எடுத்தார்கள். பிள்ளையைக் கொண்டு ஒரு பூமாலையும் போடுவித்தார்கள். குனிந்து மாலையை வாங்கியபோது மட்டும் அவன் சிரித்தான். தாய் வழக்கமான இடத்தில் நின்றாள். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது. எந்தக் காவலரண், எத்தனை மணிக்குத் திறப்பான் என்பதையும் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள்.

தமிழ்ப் பத்திரிகையை நம்மவர்களை விடக் கவனமாக வாசிப்பதற்கு ஓர் அலுவலகம் இருந்தது. அந்த வாரம் முடியுமுன் அவனை மாற்றிவிட்டார்கள். வடக்குக்கு என்று கொட்டிலில் இருந்த மற்றச் சிப்பாய் சொன்னான். வன்னி முனைக்கு என்று பிறகு கேள்விப்பட்டோம். வால்வுப் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். திறப்பு ஆணியில் இல்லை. தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர், புதிதாக வந்திருப்பவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார்.

அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினேன். விளையாட்டிடங்களுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில், ஒன்பதாம் பிரிவை மேற்கோள் காட்டி, டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டின் பிரதியை இணைத்து. பதில் இல்லை. நினைவூட்டல். இரண்டாவது நினைவூட்டல். நேரில் போனபோது, காவலரண் தங்களுடையதல்ல என்றார்கள். இராணுவம், தண்ணீர் தங்களுடையதல்ல என்றது. இரண்டு தரப்பும் சரியாகவே சொன்னார்கள். நானும் சேவையில் இருந்த காலத்தில் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பங்குனி முடிந்து சித்திரை வெயில் ஏறியது. வெள்ளவத்தையில் தாய்க்குத் தூரத்து உறவு ஒன்று இருந்தது. அங்கே ரயில் பாதையைத் தாண்டினால் கடல். கடலுக்குக் கட்டணம் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை என்று யோசித்து ஒரு நாள் பிள்ளையைக் கொண்டு போனாள். பாறைகளுக்கிடையில் தேங்கி நின்ற தண்ணீரில் பிள்ளையை இருத்தினாள். பிள்ளை சந்தோஷமாகத்தான் இருந்ததாம். திரும்பும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் வெயிலில் இறக்கினார்கள். வன்னி அடையாள அட்டை என்றபடியால் அவளை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். பிள்ளையின் தோலில் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. வரிசையிலேயே வலிப்பு வந்தது. இளநீர் வண்டிக்காரன் ஒருவன் தன் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் பிள்ளையின் மேல் கொட்டினான் என்றும், அதனால்தான் ஆஸ்பத்திரிவரை உயிர் இருந்தது என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் அழவில்லை. கணக்குப் பார்க்கிறவள் போல இருந்தாள்.

பிள்ளை பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, திரும்பிப் போறதுக்குப் பாஸ் எடுக்க வேணும். எழுதித் தாங்கோ."

எங்கே என்று கேட்டேன். ஊருக்கு என்றாள்.

"பிள்ளை, அங்க ஷெல் அடிக்கிறாங்கள். தூதரகம் கூப்பிட்டால் என்ன செய்வாய்?"

"ஷெல் எப்பவாவதுதான் விழும் ஐயா. வெயில் ஒவ்வொரு நாளும் விழுது" என்றாள். "அங்க கிணறு இருக்கு."

மாரி வரும்வரை பார்க்கலாம், என் விண்ணப்பத்துக்குப் பதில் வரும் என்றேன். அவள் என் மேசையிலிருந்த பிரதிகளைப் பார்த்தாள். பிறகு, "அந்தப் பொடியனும் அங்கதானாம்" என்று மட்டும் சொன்னாள்.

எழுதிக் கொடுத்தேன். வன்னியிலிருந்து கொழும்புக்கு வரும் பாஸுக்கு அவள் மாதக்கணக்கில் காத்திருந்தவள். கொழும்பிலிருந்து வன்னிக்குப் போகும் பாஸ் அந்தக் கிழமையே கிடைத்தது. என் அனுபவத்தில் அந்தக் காலத்தில் சுணக்கமில்லாமல் நடந்த ஒரே அலுவல் அது. கோட்டை ஸ்டேஷனில் வவுனியா ரயிலில் ஏற்றிவிட்டேன். பிள்ளையின் தலையில் ஈரத் துவாய் ஒன்றைச் சுற்றி, பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் வைத்திருந்தாள். சோதனையிட்ட பொலிஸ்காரர் கானின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிள்ளை யன்னலால் கைகாட்டியது.

ஒரு கடிதம் வந்தது, பல கைமாறி. சேர்ந்துவிட்டோம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பிள்ளை சுகம் என்று எழுதியிருந்தாள். ஆடியில் அந்தப் பக்கம் சண்டை நகர்ந்தது. அதே ஊரிலிருந்து லொட்ஜுக்கு வந்த ஒருவரைக் கேட்டேன். ஊர் முழுவதும் ஒரே பொழுதில் எழும்பிக் காட்டுப் பக்கம் போனதாகச் சொன்னார். அங்கே கிணறு உண்டா என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். கிணற்றைத் தூக்கிக்கொண்டா போவார்கள் என்றார். வேர்க்காத பிள்ளையைப் பற்றி அவர் ஒன்றும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அதன் பின் வந்த எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கனடாவிலிருந்து கணவன் லொட்ஜுக்கு இரண்டு தடவை போன் எடுத்தான். இரண்டு தடவையும் நான்தான் பேசினேன்.

மாரி தொடங்கி, ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம் நின்ற ஒரு காலையில், தபால்காரர் நீள உறை ஒன்றைப் பிளாஸ்ரிக் பையால் மூடிக் கொண்டுவந்து தந்தார். மேற்படி விடயம் தொடர்பான தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. உபவிதிகளின் ஒன்பதாம் பிரிவின்படி குழாய்களை மீளத் திறப்பதற்கு ஆட்சேபனை இல்லை எனத் தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன். இவ்வசதியைப் பெற வேண்டிய பிள்ளை, தாயுடன் நேரில் சமுகமளித்துப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும்.

உடனே ஒரு பதில் எழுதத் தாளை எடுத்தேன். எழுத ஒன்றும் இருக்கவில்லை. சேவைக்காலப் பழக்கம் விடாமல், கடிதத்தின் வலது மேல்மூலையில் கிடைத்த திகதியைக் குறித்துச் சின்னக் கையொப்பம் வைத்தேன்: நவம்பர் பதினொன்று.